எலுமிச்சை மஞ்சளில் ஒரு அடுப்பு

அன்பு மகள் மார்லாவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே ஓஹையோவில் சௌக்கியம், அலாஸ்காக் குளிரில் வந்த உன் இருமல் இந்நேரம் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். ஒரு விஷயம் சொல்லாமல் என்னால் உட்கார முடியவில்லை, ஆனால் முதலில் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள். நீ வாங்கிக் கொடுத்த, தீயே தெரியாத கண்ணாடி மின்சார அடுப்பைத் தேவாலயச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது 1951ஆம் வருஷத்து கேஸ் அடுப்பு ஒன்று, புதுசாகப் பழுது பார்த்தது, எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் பளபளவென்று நிற்கிறது!

அந்தக் கண்ணாடி அடுப்பு சூடாக இருப்பது பார்வை மங்கிய கண்ணுக்குத் தெரியாமல் அப்பா உள்ளங்கையைச் சுட்டுக்கொண்ட அன்று நீ போனில், "கண்ணு இப்படி இருக்கும்போது இனிமே அடுப்புப் பக்கமே போகக் கூடாதுப்பா" என்றாய். பயத்தில் சொன்னாய், உன்மேல் தப்பில்லை. ஆனால் தீயணைப்பு நிலையத்தில் முப்பது வருஷம் பன்னிரண்டு பேருக்குச் சமைத்துப் போட்ட மனுஷன், அன்றிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து நான் போட்டதைச் சாப்பிட்டார். என் சமையல் லட்சணம் உனக்குத் தெரியும். மூன்று மாதமாக அவர் ஒரு குறைகூடச் சொல்லவில்லை மார்லா, அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

கொலம்பஸ் பக்கத்தில் லொரெட்டா என்று ஒரு பெண் பழைய அடுப்புகளைப் பிரித்துப் புதுசாக்கிக் கேட்டபடி செய்து தருகிறாள் என்று கேள்விப்பட்டு, எங்கே போகிறோம் என்று சொல்லாமலே அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். விஷயம் தெரிந்ததும் அவளிடம், "கண்ணு போனவனுக்கு எதுக்கும்மா அடுப்பு? அடுத்தது கார் ஓட்டச் சொல்லித் தருவியா?" என்று கத்தினார். அவள் அசரவில்லை. "கார் வேலை எனக்குத் தெரியாது சார், கையைக் குடுங்க" என்று அவர் கையை எடுத்து ஒரு அடுப்பின் திருகின்மேல் வைத்தாள். நல்ல கனமான திருகு, திருப்பினால் ஒவ்வொரு நிலையிலும் 'டக்'கென்று நிற்கிறது. அப்பா திருப்பினார், மறுபடி திருப்பினார். அப்புறம் அவரே ஆரம்பித்துவிட்டார், முதல் திருகில் ஒரு வெட்டு போடு, இரண்டாவதில் இரண்டு போடு, விரலால் தடவினால் தெரிய வேண்டும் என்று. அவள் நிறத் தகடுகளை ஒவ்வொன்றாகக் காட்ட, அவர் தலையைச் சாய்த்து, இன்னும் கொஞ்சம் பார்வை மிஞ்சியிருக்கும் கடைக்கண்ணால் பார்த்து, "இது தெரியுது!" என்றார். அதுதான் இந்த மஞ்சள். தீ அணைந்தால் கேஸ் தானாக நின்றுவிடும் வால்வும் வைத்திருக்கிறாள், நீ பயப்படாதே.

சனிக்கிழமை நாலு பேர் தூக்கி வந்தார்கள், பின்கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. சத்தத்தை வைத்தே அப்பா, "இடப்பக்கம் தூக்குங்கப்பா, நிலைல இடிக்குது" என்று அதிகாரம் செய்தார். எல்லாரும் போனபிறகு முதல் திருகைத் தடவிப் பார்த்துத் திருப்பினார். நான் பின்னால் நின்றேன். "வெரா, மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்காதே, எனக்குக் கேக்குது" என்றார். தீ பிடித்தது. வெண்ணெயில் முட்டைக்கோஸை வதக்கி நூடுல்ஸைப் போட்டுப் புரட்டினார், அடி பிடிக்கும்போது வாசனையிலேயே தெரிந்து தீயைக் குறைத்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மூணு மாசமா நீ எனக்குப் போட்டதுக்குப் பேரு சாப்பாடா?" என்று கேட்டார் பார், எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

உன்னைக் கேட்காமல் செய்ததற்கு என்ன திட்ட வேண்டுமோ திட்டு. அப்பா சொல்லச் சொன்னது இதுதான்: "கோவம் இருந்தா போன்ல வேணாம், நேர்ல வரச் சொல்லு. முதல்ல சாப்பிடட்டும், அப்புறம் சண்டை போடட்டும்." டிசம்பருக்கு டிக்கெட் இப்போதே எடுத்துவிடு, கடைசி நேரத்தில் கிடைக்கவில்லை என்று சொல்லாதே. கடவுள் உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

உள்ளே இருந்து என்னைக் கூப்பிடுகிறார், சாப்பாடு ஆறுகிறதாம்.

என்றும் உன்
அம்மா வெரா