ஊர் முழுக்க வெடித்த துப்பாக்கி

லகாட்
சுபானு வருஷம், ஆவணி 4
(மலாயாவைப் பிடித்திருக்கும் ஜப்பான்காரர் கணக்கில் இது 2603ஆம் வருஷம். புளுகுவதில் அவர்கள் என்னையும் மிஞ்சிவிட்டார்கள்.)

சிரஞ்சீவி மெய்யப்பனுக்கு, லகாட்டின் முடிசூடாத சக்கரவர்த்தியும், மரவள்ளித் தோட்டத்தின் தலைமைக் காவலரும், உன் தாயுடன் பிறந்த அம்மானுமாகிய வள்ளியப்பன் ஆசீர்வதித்து எழுதுவது.

உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டாத கதையைச் சொல்லப்போகிறேன் என்று முருகன்மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன். உன் தென்னந்தோப்பில் புதைத்து வைத்திருந்தாயே, என் நாட்டுத் துப்பாக்கியின் குழாய், அதன் கதைதான் இது.

யுத்தம் வருவதற்கு முந்தின மாதம், ஈயம் தோண்டிய குட்டை ஓரத்து மரவள்ளிக் கொல்லையில், லகாட்டிலேயே மிச்சமிருந்த கடைசிப் பிடி வெடிமருந்தை அந்தக் குழாயில் கெட்டித்துக்கொண்டு நின்றேன். எதிரே ஒரு காட்டுப்பன்றி. யானைக்குட்டி அளவு என்றால் பன்றி கோபித்துக்கொள்ளும். அது மூச்சு விட்டால் ஈப்போவில் விளக்கு அணையும். நான் குறி பார்த்ததும் ராஜாவைக் கண்ட குடிமகன்போலத் தலையைக் குனிந்து என்னை வணங்கியது. சுட்டேன். பன்றி குட்டைக்குள் விழுந்ததில் தண்ணீர் எழும்பி, தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் காயப்போட்டிருந்த துணியெல்லாம் நனைந்தது. உடல் மூழ்கிவிட்டதால் சாட்சி இல்லை.

நிற்க. எண்ணெய் வியாபாரி முத்து முகம்மது ஒரு சேதி சொன்னார். நீயும் துணிக்கடை சலாஹுதீனும் சேர்ந்து அந்தக் குழாய்க்கு உயிர் கொடுக்கிறீர்களாமே. எத்தனை ஞாயிற்றுக்கிழமை நாம் இருவரும் என் கடையின் பின்கட்டில் அரமும் கையுமாக உட்கார்ந்து, ஒரு விசையைப் பூட்டிக் கழற்றி, கழற்றிப் பூட்டி, சோற்றையும் மறந்து கிடந்தோம். துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, முழுசாக அகப்பட்டால் தலை போகும் என்று குழாயை உன்னிடம் கொடுத்து விசையை நான் வைத்துக்கொண்டேன். மல்லுத்துணி கிழிக்கும் கைக்கு அதில் என்ன வேலை? முத்து முகம்மதுவிடம் குழாயைக் கொடுத்தனுப்பு.

படித்ததும் அடுப்பில் போட வேண்டிய கடிதம் இது. இவ்வளவு நல்ல கடிதத்தை எரிக்க உனக்கு மனசு வராது. ஆகையால் எண்ணெய் டின்னுக்கு அடியில் வை.

அம்மான் வள்ளியப்பன்

•

பாகான் டத்தோ
ஆவணி 15

அன்புள்ள அம்மானுக்கு மெய்யப்பன் வணங்கி எழுதுவது.

நானும் சாலாவும் பிள்ளையும் சுகம். பிள்ளைக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. கடிக்கத்தான் ஒன்றும் இல்லை. அரிசியைக் கண்டு மாதக்கணக்காகிறது. மரவள்ளியை நம்பித்தான் இருக்கிறோம். அதையும் பன்றிக் கூட்டம் வரப்போடு தோண்டித் தின்கிறது. தகரம் தட்டினால் திரும்பிப் பார்த்துவிட்டுத் தின்கிறது. இப்படியே போனால் தைக்குள் தோட்டத்தில் ஒரு கிழங்கு மிஞ்சாது. குழாயைத் திருப்பி அனுப்ப முடியாததற்குக் காரணம் இதுதான்.

விசையைக் கேட்டு முன்பே ஆள் அனுப்பினேன். எலி தூக்கிப்போய்விட்டது என்றீர்கள். சலாஹுதீன் அண்ணன் கடையில் துணி ஏது, அவருக்கும் பொழுது போகவில்லை. கிராமபோன் பெட்டியைப் பிரித்து அதன் சுருளிலிருந்து வில் செய்தார். விசையில் தட்டுகிற குதிரையையும் அவரே அராவினார். நீங்கள் பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள். பன்றியைத் தொட மாட்டாராம். சுடுவது அவர், அப்புறப்படுத்துவது நான் என்று ஒப்பந்தம்.

ஒரே தடங்கல். குழாயின் வாயில் இருந்த மெழுகை நோண்டி எடுத்துக் கம்பியை விட்டுப் பார்த்தோம். அடி வரைக்கும் போகவில்லை, நாலு விரல் குறைகிறது. மண்ணும் துருவும் இறுகியிருக்கும் என்கிறார் அண்ணன். பின்முனையை உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, அடித் திருகாணியைக் கழற்றிச் சுத்தம் செய்யப்போகிறோம்.

கண்ணம்மை அத்தைக்கு வணக்கம். கோபம் வேண்டாம்.

மெய்யப்பன்

•

லகாட்
ஆவணி 22

மெய்யப்பா, அதை நெருப்பில் வைக்காதே.

உள்ளே மருந்து இருக்கிறது. குண்டும் இருக்கிறது. எப்படி என்று கேட்பாய். பன்றியைச் சுட்டு வீழ்த்திய மறுகணமே, அதன் விதவை பழிவாங்க வருமே என்ற தீர்க்கதரிசனத்தால் மறுபடி கெட்டித்து வைத்தேன். விதவை வரவில்லை. என் புகழ் அதற்கு எட்டியிருக்கும்.

அதுவும் போக, என் குழாய்க்கு ரோஷம் அதிகம். வேற்றாள் கை பட்டால் கோணிக்கொள்ளும். கிராமபோன் வில்லாம். விசையைத் தட்டினால் துப்பாக்கி பாடுமா, சுடுமா என்று சலாஹுதீனைக் கேள். உன் தாய் பிறந்த வீட்டில் அரம் பிடிக்க ஆள் இல்லையா? வேலையை நிறுத்தி வை. மழை ஓய்ந்ததும் நானே வருகிறேன்.

நான் சலாஹுதீனைப் பற்றிப் பொருமிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, "ஒங்களத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்கிறாள் உன் அத்தை. அதைப் பொருட்படுத்தாதே.

வள்ளியப்பன்

•

பாகான் டத்தோ
ஆவணி 28

அம்மானுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். லகாட்டிலேயே மிச்சமிருந்த கடைசிப் பிடி மருந்தால் பன்றியைச் சுட்டதாக முதல் கடிதத்தில் எழுதினீர்கள். என் கல்யாணப் பந்தியிலும் அதையேதான் சொன்னீர்கள். அப்படியானால் மறுபடி கெட்டிக்க மருந்து எங்கிருந்து வந்தது?

சலாஹுதீன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஒன் அம்மானுக்குப் பொறாமைலா மெய்யப்பா. அவரு கை படாம அது வெடிச்சிடுமேன்னு இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விசை எலியிடம் போனது. இப்போது குழாய்க்குள் மருந்து முளைக்கிறது. சாலா தன் ராத்திரிக் கிழங்கைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுப் பசியில்லை என்கிறாள். உங்களுக்கோ அந்தக் குழாயில் யார் கை பட்டது என்பதுதான் கவலை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அண்ணன் வந்ததும் உலை மூட்டுகிறோம். துருத்தி இழுக்கச் சாலா இருக்கிறாள். இனிக் குழாயைப் பற்றி எழுத வேண்டாம்.

மெய்யப்பன்

•

லகாட்
ஆவணி 30

மெய்யப்பா,

அன்றைக்குத் துப்பாக்கி வெடிக்கவே இல்லை.

விசையை இழுத்தேன். டொக் என்றது. அவ்வளவுதான். மருந்து வரைக்கும் நெருப்பு போகவில்லை. பன்றி சாகவில்லை, குட்டையில் விழவில்லை. நான்தான் ரப்பர் மரத்தில் ஏறினேன். இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் எதிரே வந்தவர்களிடமெல்லாம் சுட்டுவிட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. ஊர் முழுக்க வெடித்துவிட்ட துப்பாக்கிக்குள்ளிருந்து மருந்தை எப்படி வெளியே எடுப்பேன்? ஒருவர் பார்த்தாலும் போயிற்று. பிறகு எடுக்கலாம் என்று வாயில் மெழுகை அடைத்தேன். யுத்தம் வந்தது. அப்படியே உன்னிடம் தள்ளிவிட்டேன்.

கம்பி நாலு விரல் குறைவது துருவால் இல்லை. அது என் கடைசிப் பிடி மருந்து. மெழுகு அடைத்திருந்ததால் இன்னும் உயிரோடுதான் இருக்கும்.

கொதிக்கிற தண்ணீரை வாய்வழியாக ஊற்றி நன்றாக ஊறவிடு. ஊறிய பிறகு கொட்டிப் பார். அதற்கு முன்னால் சாலாவைத் துருத்தியிலிருந்து எழுப்பு.

முத்து முகம்மது நாளைக்குத்தான் கிளம்புவதாக இருந்தார். என் சைக்கிளைக் கொடுத்து இன்றே போகச் சொல்லியிருக்கிறேன். இதைச் சலாஹுதீனிடமும் படித்துக் காட்டு. வேண்டுமட்டும் சிரிக்கட்டும்.

வள்ளியப்பன்

•

பாகான் டத்தோ
புரட்டாசி 3

அம்மானுக்கு,

முத்து முகம்மது வந்து சேர்ந்தபோது உலையில் கரி பற்றியிருந்தது. சாலா துருத்தியில் இருந்தாள், பிள்ளை அவள் மடியில். குழாய் என் கையில். வாங்கிய கடிதத்தைப் பிரிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டேன். அம்மான் என்ன எழுதியிருப்பார் என்றுதான் தெரியுமே.

சலாஹுதீன் அண்ணன்தான் பிடுங்கிப் படித்தார். சிரிக்கவில்லை. என் கையிலிருந்த குழாயை வாங்கிச் சுவர் ஓரமாகச் சாத்திவிட்டு உலையில் தண்ணீரை ஊற்றினார். "இதும் புளுகுதான் அண்ணே" என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "புளுகுறவரு தன்னப் பெருசாக்கித்தான்லா புளுகுவாரு. தன்னச் சின்னதாக்கி யாராச்சும் புளுகுவாங்களா? வெந்நி போடு."

மறுநாள் காலையில் கொட்டினோம். கறுப்பாக வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் குண்டு விழுந்தது. சாலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அண்ணனுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

மெய்யப்பன்

•

லகாட்
புரட்டாசி 12

சிரஞ்சீவி மெய்யப்பனுக்கு, மரவள்ளித் தோட்டத்தின் சாதாரணக் காவலரும் உன் அம்மானுமாகிய வள்ளியப்பன் எழுதுவது. சக்கரவர்த்திப் பட்டத்தைச் சலாஹுதீனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். சும்மா இல்லை, மூன்று நாள் முழுக்கப் பட்டினி கிடந்து யோசித்துத்தான். மூன்று வேளையும் சாப்பிட்டேன் என்று உன் அத்தை பக்கத்திலிருந்து திருத்துகிறாள்.

இத்துடன் உப்பு மூட்டைக்குள் என் விசை வருகிறது. எலி மனம் திருந்திக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. இதை உன் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. சலாஹுதீன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவரே பூட்டட்டும். பூட்டிய பிறகு, கிராமபோன் வில் நல்லதா, வள்ளியப்பன் வில் நல்லதா என்று அவர் வாயைக் கிளறி, என்ன சொன்னார் என்று ஓர் எழுத்து விடாமல் எழுது. என்னுடையது என்று சொல்லாவிட்டால் அந்தப் பகுதியை மட்டும் எழுதாதே.

அவருக்கு ஒரு வரி எழுதச் சொன்னாய். நாலு தாள் கிழித்தேன். உன் வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து கிழங்கு தின்கிறார்கள் அல்லவா? அவர் அதைப் பார்க்கும்போதெல்லாம் வள்ளியப்பன் கும்பிட்டதாகச் சொல்.

லகாட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே அந்தத் துப்பாக்கி இன்றைக்கும் வெடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நீயும் காட்டிக்கொடுக்க மாட்டாய்.

ஒன்றை மட்டும் நீ நம்ப வேண்டும். நான் சொன்ன பன்றிக் கதையில் ஒரே ஒரு சின்ன இடம் சத்தியமான உண்மை. அது தலையைக் குனிந்தது. டொக் என்ற சத்தம் கேட்டதும் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்து, விட்ட இடத்திலிருந்து மரவள்ளியைத் தின்ன ஆரம்பித்தது.

உன் அம்மான்
வள்ளியப்பன்