பிரித்து வீசிய ரோஜா

தெய்ஸோ அவர்களுக்கு,

அன்று பனிச்சறுக்கு அரங்கில் நான், என்னோடு விடுதிச் சமையலில் நிற்கும் சுமியே, முதலாளியம்மா தொகிகோ, மூவரும் இருந்தோம். உங்கள் முழங்கால் தேவலையா? நான் சுகம்.

நம் பேரன் கியோஹேய் அன்றைய போட்டியில் தோற்றால் சறுக்குவதை விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தான். சிறுபிள்ளையிலிருந்து அவன் விழுந்ததெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

அவனுக்கு முன் ஆடி முடித்தவனுக்குப் பாராட்டாக ரோஜா வீச எழுந்த தொகிகோ, சுற்றியிருந்த கண்ணாடித்தாளைப் பிரித்தாள்.

“பிரிக்காதீங்கம்மா! இதழ் ஐஸ்ல உதிர்ந்தா ஷூ பிளேடு மாட்டிக்கும்,” என்றேன்.

“பொட்டலம் கட்டி வீச இதென்ன மிட்டாயா? சும்மா இரு கிழவி!”

வீசினாள். பூப்பொறுக்கும் பிள்ளைகள் கண்ணுக்கு ஓர் இதழ் தப்பிவிட்டது. கியோஹேய் தாவிச் சுழன்று இறங்கியது அதன் மேல்தான். விழுந்தான். எழுந்து ஆடி முடித்தான், ஆனால் தோற்றான். மறுநாளே விலகிவிட்டான்.

நீங்கள் கவலைப்படாதீர்கள். கொஞ்சம் உப்பு உமே பழ ஊறுகாய் அனுப்புங்கள். சுமியேவும் ஊருக்குப் போய்விட்டாள், தனியாகத் தின்னும் சோறு இறங்கவில்லை.

உலை கொதிக்கிறது, முடிக்கிறேன். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. இன்று காலை, “ஒரு இதழுக்கா இன்னும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?” என்று சிரித்தாளே, அவளைத்தான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். தொகிகோவை.