வெள்ளிக்கிழமை தூங்கும் கம்ப்யூட்டர்

ஜூலை 4, வெள்ளி

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரமே திட்டு. விஷ்ணுப்ரியா டாக்டர் ஊரப்பாக்கத்தில் வீட்டிலிருந்தே ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பார். இன்று காலை அவருக்கு கேம்ப் ரோடு ஸ்கேன் சென்டர் கம்ப்யூட்டர் வீட்டிலிருந்து கனெக்ட் ஆகவில்லை. ஓடினேன். ஸ்கிரீன் கறுப்பு. மவுசை ஆட்டினதும் எழுந்துகொண்டது. ஸ்லீப்! இனி தானாகத் தூங்கக் கூடாது என்று செட்டிங்கில் 'நெவர்' போட்டேன். ஏன் தூங்கியது என்று, நடந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் லாகில் தேட வேண்டும். யாருக்குப் பொறுமை? "எல்லாம் செக் பண்ணிட்டேன் டாக்டர்" என்று மெசேஜ் தட்டிவிட்டுக் கிளம்பினேன்.

ஜூலை 8

நான்கு நாளாக ஒரு புகாரும் இல்லை. நான் முடிக்காத காலேஜை முடித்தவர்கள் மட்டும் என்ன கிழித்துவிட்டார்கள்?

ஜூலை 11, வெள்ளி

மறுபடியும் அதே கம்ப்யூட்டர்.

பாத்ரூமில் வழுக்கி விழுந்த கனகவல்லி என்ற அம்மாவை சென்டருக்குத் தூக்கிவந்தார்களாம். தலையில் அடி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, டாக்டருக்குக் கனெக்ட் ஆகவில்லை. என் போன் சைலன்ட்டில். பதினான்கு மிஸ்டு கால். தொட்டால் கெட்டுவிடும் என்று அங்கே யாரும் தொடவில்லை. ரிசப்ஷன் ரமா அக்காவிடம் "மவுசை ஆட்டுக்கா!" என்று நான் போனில் கத்தும்போது இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. பின்னால் அந்த அம்மாவின் மகன் குரல் — "எங்கம்மாக்கு எதனா ஆச்சுன்னா ஒருத்தனையும் வுட மாட்டேன்!"

மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

செத்துடுவாங்களா? என்னாலதானே?

ஜூலை 12

ஐ.சி.யூ.வில் இருக்கிறார்களாம். "இன்னாடி, பேயறஞ்ச மாதிரி கீற?" என்றாள் அம்மா. ஒன்றுமில்லை என்றேன்.

இப்போதுதான் வீட்டிலிருந்து லாகைத் திறந்தேன். இரண்டு வெள்ளியும் காலை ஒன்பது மணி சுமாருக்குத் தூங்கியிருக்கிறது. காரணம்: பவர் பட்டன். யாரோ அழுத்தியிருக்கிறார்கள். யார்? எதுக்கு?

ஜூலை 14, திங்கள்

சென்டருக்குப் போனேன். சி.பி.யு. மேல் காய்ந்த சந்தனம்.

"வெள்ளிக்கிழமை இதை யாருக்கா தொடுறா?"

"நான்தான். சாமி படத்துக்குப் பூ போட்டுட்டு, இந்த மாசத்துலேர்ந்து இதுக்கும் ஒரு பொட்டு வைக்கிறேன். நடுவுல வட்டமா இருக்கே, அங்க. ஏன் ஜோசலின்?"

வட்டமாக இருப்பதுதான் பவர் பட்டன்.

சிரிப்பு வரவில்லை. நாலாம் தேதியே லாகைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. பட்டனை அழுத்தினாலும் தூங்காதபடி மாற்றினேன். பத்து தடவை அழுத்திப் பார்த்தேன்.

பிறகு டாக்டருக்கு போன். "அன்னைக்கு செக் பண்ணேன்னு சொன்னது பொய் டாக்டர்." என்றேன். "எழுதிக் குடுப்பியா?" என்றார்.

குடுக்கிறேன்னுட்டேன். வேலை போகும். போலீஸ் வருமா?

ஜூலை 16

எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 19, சனி

அந்த அம்மாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். இடது கை இன்னும் அசையவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை, போனேன். வராந்தாவில் மகன். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இதெல்லாம் என்கிட்ட ஏம்மா சொல்ற? அம்மா உள்ள முழிச்சிகினுதான் கீது. அதுகிட்ட சொல்லு."

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.