வெண்டல் பார்த்து வச்ச மரம்

வைரோக்வா
நவம்பர், புதன்கிழமை

என் மாரிட் கண்ணுக்கு,

அம்மா எழுதுறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஈவரும் அந்த அலாஸ்காக் குளிர்ல சளி இருமல் இல்லாம இருக்கீங்கன்னு நம்புறேன். நாங்க இங்க இருக்கோம், அதுக்கு மேல எழுத வரல, சௌக்கியம்னு எழுதினா அது எனக்கே பொய்யாத் தெரியும். ரெண்டு நாளா மேகம் மூடிக்கிட்டு ஒரே இருட்டு, பகல்லயே சமையலறையில விளக்குப் போட வேண்டியிருக்கு. போன்ல சொல்லாம எதுக்கு இவ கடுதாசி எழுதுறான்னு நினைப்ப. போன்ல பேசினா உங்கப்பா பக்கத்து நாற்காலியில உக்காந்து பேப்பர் படிக்கிற மாதிரி காதை இங்கயே வச்சிருப்பாரு, உனக்குத் தெரியாததா. முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். நிலம் விக்கல. வாங்க இருந்தவங்க வேண்டாம்னுட்டாங்க. எங்களுக்காக நீ கீழ் ரூமுக்குப் பெயின்ட் அடிச்சு, உங்கப்பா பிடிச்சு நடக்கக் குளியலறையில கம்பி எல்லாம் வச்சிருக்க, கிறிஸ்துமஸ் அங்கதான்னு நானும் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுட்டேன். அது இப்ப இல்ல. முழுக்கப் படிச்சுட்டு அப்புறம் கோவப்படு.

மார்ச்சுல வந்தானே ராய்ஸ்னு ஒரு தம்பி, உன்கிட்ட சொல்லியிருக்கேன், டென்னசிக்காரன், வாய்க்கு வாய் அம்மா அம்மான்னு கூப்பிடுவான். சிகாகோ பக்கத்துப் பணக்காரர் ஒருத்தருக்குப் பெரிய கொம்பன், அதான் கொம்பு வச்ச ஆண் மான், தங்குற நிலமாத் தேடிக் குடுக்கறதுதான் அவன் வேலை. நம்ம சாலையில பாதி நிலம் அப்படித்தானே கை மாறியிருக்கு, பால் மாடு கட்டின கொட்டகை எல்லாம் நவம்பர்ல வந்து மான் சுட்டுட்டுப் போறவங்களுக்கு வண்டி நிறுத்துற இடமாயிடுச்சு. பனி உருகி, புல்லு தலை காட்டறதுக்குள்ள வந்தான். அந்த நேரத்துலதான் நிலம் எதையும் மறைக்காதாம், மான் நடந்த தடம், கொம்பு தேய்ச்ச மரம், படுத்து எழுந்த பள்ளம் எல்லாம் பளிச்சுன்னு தெரியுமாம். வந்ததும் போன்ல நம்ம நிலத்தோட படத்தை எடுத்து மேசையில வச்சான், மேல இருந்து பிடிச்ச படம். கொஞ்ச நேரம் பார்த்துட்டு விரலை நேராக் கொண்டுபோயி எங்க வச்சான்னு நினைக்கற. யாரும் போகாம சங்கிலி கட்டி வச்சிருக்கோமே, அந்தப் பள்ளத்தாக்குல. இங்கதான்யா பெருசு படுக்கும்னான். உங்கப்பா, அந்தப் பக்கம் வேண்டாம், மத்த இடம் எல்லாம் பாருன்னாரு. அவன் சிரிச்சான். ஐயா, பொண்ணு பாக்க வந்துட்டு மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னா எப்படின்னான். உங்கப்பா என்னைப் பார்த்தாரு. போகட்டும்னு தலையாட்டினேன். வித்துட்டா எப்படியும் எவனாவது போகத்தானே போறான். சரி போய்ட்டு வான்னு சொல்லிட்டு இவரு கொட்டகைக்குப் போயி, மாடு வித்ததுலேருந்து தொடாத பால் கேனை எல்லாம் எடுத்து வச்சுக் கழுவிக்கிட்டிருந்தாரு.

சாயங்காலம் அவன் திரும்பி வரும்போது கையில கொம்பன் குளிர்காலத்துல உதிர்த்துட்டுப் போன கொம்பு, ஒத்தைக் கொம்பு, என் முழங்கை நீளத்துக்கு மேல. உங்க நிலத்துல உதிர்ந்தது உங்களுக்குத்தான் சொந்தம்னு மரியாதையா மேசைத்துணி மேல வச்சான். முகமெல்லாம் சிரிப்பு. ஐயா, உங்க காலைத் தொட்டுக் கும்பிடணும்னான். நடுக்காட்டுல மனுஷன் கால் படாம விட்டாத்தான் கொம்பன் முதுகிழவனாகுற வரைக்கும் அங்கயே தங்கும்னு வேட்டைக்காரன் எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒருத்தனாலயும் விட முடியாது, கொம்பு பொறுக்கப் போறேன், சும்மா எட்டிப் பாக்கப் போறேன்னு ஏதாவது சாக்கு வச்சுப் போயிடுவான், அங்க ஒரு காலடி கூடக் காணோம், எத்தனை வருஷமா இப்படிக் கட்டுப்பாடா இருக்கீங்க, யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேக்கறான். நான் காபி ஊத்திக்கிட்டிருந்தேன், கோப்பை நிரம்பித் தட்டுல வழிஞ்சுடுச்சு. கட்டுப்பாடாம். பிள்ளை செத்த இடத்துக்குப் போகக் கால் வரலப்பான்னு அவன்கிட்ட எப்படிச் சொல்ல. உங்கப்பா சுவரைப் பார்த்துக்கிட்டே பதினோரு வருஷம்னாரு.

அவன் அதோட விட்டிருக்கலாம். உள்ள மரத்துல ஒரு பழைய ஏணி இருக்கை இருக்கே, மேல ஏறி உக்காந்து மானுக்குக் காத்திருக்க, அதைக் கட்டினது யாருன்னான். அதை மரத்தோட கட்டியிருந்த வார்ப் பட்டையை மரமே பாதி விழுங்கிடுச்சாம். அந்த ஆள் இருந்தா அவர்கிட்ட நான் ஒரு நாள் முழுக்க உக்காந்து கத்துக்கணும், இந்தச் சுத்து வட்டாரத்துலயே மான் பாக்க அதை விட நல்ல மரம் கிடையாது, காலையில குளிர்ந்த காத்து மேட்டுலேருந்து இறங்கி அந்த மரத்தைத் தொட்டுட்டு ஓடையோட போயிடும், மேல உக்காந்திருக்கறவன் வாடை மான் படுக்கிற பக்கம் துளியும் போகாது, பக்கத்து மரத்துல ஏறினாக் கூட காரியம் கெட்டுடும்னு சொல்லிக்கிட்டே போறான். உங்கப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. ரெண்டாப் பிரியுற வெள்ளை ஓக் மரமான்னாரு. அதேதான் ஐயான்னான். இவரு எழுந்து வெளிய போயிட்டாரு. அப்புறம் நான்தான் சொன்னேன், தம்பி, அது என் மகன் கட்டினதுன்னு. இப்ப எங்க இருக்காருன்னு கேட்டான். சர்ச்சுக்குப் பின்னாடின்னேன். தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டான்.

உனக்கு ஞாபகம் இருக்கும், ஒவ்வொரு இலையுதிர் காலத்துலயும் நம்ம சாப்பாட்டு மேசையில அந்த மரத்தை வச்சுத்தானே சண்டை. உங்கப்பா முள்கரண்டியில உருளைக்கிழங்கைக் குத்தி ஆட்டி ஆட்டி, அந்தப் பள்ளத்துல காத்து சுழட்டி அடிக்கும்டா, நீ அங்க ஏறி உக்காந்தா உன் நாத்தம் நம்ம ஊருக்கே தெரியும், மானுக்குத் தெரியாதான்னு கேப்பாரு. உன் தம்பி வெண்டல் சிரிச்சுக்கிட்டே, அப்பா, நீங்க சத்தம் போட்டா மாடு கேக்கும், காத்து கேக்காதும்பான். நீ வேற நடுவுல உக்காந்துக்கிட்டு ரெண்டு பேருக்கும் எண்ணெய் ஊத்துவ. பதினோரு வருஷம் முன்னாடி அவன் அந்த மரத்துலேருந்து இறங்கும்போது விழுந்தான். இடுப்புல கட்ட வேண்டிய வாரு கொட்டகை ஆணியில தொங்கிக்கிட்டிருந்துச்சு. இருட்டினப்புறம் உங்கப்பாதான் போய்க் கண்டெடுத்தாரு. அடக்கத்தன்னைக்கு சர்ச்சுக் கீழ் அறையில காபிக் கோப்பையைக் கையில வச்சுக்கிட்டு வந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் தப்பான மரம், தப்பான மரம்னு அதையேதான் சொன்னாரு. அன்னைக்கு அவரு அழல. அப்புறம் பையன் பேரையே எடுக்கல, மரத்தைத்தான் திட்டினாரு. நானும் விட்டுட்டேன். மனுஷன் எதையாவது திட்டிக்கிட்டிருந்தாத்தானே மூச்சு விட முடியுது.

அப்புறம் எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஜூலையில ராய்ஸ் வந்து சங்கிலிக்கு இந்தப் பக்கமா வேலி ஓரத்துல ஒரு கேமரா கட்டினான், கொம்பன் படம் அதுல அடிக்கடி விழுந்துச்சு, சிகாகோக்காரர் அதைப் பார்த்து மயங்கிட்டாரு. நவம்பர் முதல் வாரம் வந்து கண்ணால ஒரு தடவை பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்னாரு. ஒரே ஒரு நிபந்தனை, அதுவரைக்கும் உள்ள யாரும் போகக் கூடாது. இந்த வயசுக் கொம்பன் ஒரு தடவை படுத்த இடத்துல மனுஷனைப் பார்த்துட்டா இலையுதிர் காலத்துல திரும்ப வராதுன்னு ராய்ஸ் தலையில அடிச்சுச் சொன்னான். போக மாட்டேன்னு உங்கப்பா கை குடுத்தாரு. உங்கப்பா கை குடுத்தா அது பத்திரம் எழுதின மாதிரின்னு நம்ம ஊருக்கே தெரியும். ஆனா செப்டம்பர்ல அவரு வேலி ஓரத்துல பால்செடிக் காயைப் பறிச்சுக்கிட்டிருந்ததை நான் பார்த்தேன். அதோட பஞ்சைப் பிரிச்சு ஒரு மிட்டாய் டப்பாவுல அடைச்சு வச்சாரு. காத்து போற பக்கம் பாக்கறதுக்கு வேட்டைக்காரங்க பறக்க விடுவாங்களே, அது. இடுப்பு எலும்பு தேய்ஞ்சு கைத்தடி வச்சு நடக்கிற கிழவனுக்கு எதுக்கு இதுன்னு கேட்டேன். சும்மாடின்னாரு. சுத்தமா புத்தி கெட்டுப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். வெண்டல் உக்காந்த அதே பருவம், தரையில உறைபனி விழுந்த காலை வர்றதுக்காக மனுஷன் மார்ச்சுலேருந்து காத்துக்கிட்டிருந்தது எனக்குத் தெரியல.

போன மாசக் கடைசியில ஒரு நாள் விடிஞ்சதும் ஜன்னல் வழியாப் பாக்கறேன், சங்கிலிக்கு அந்தப் பக்கம் கைத்தடியும் அவரும். நைட்டி மேல கோட்டை மாட்டிக்கிட்டு ஓடினேன். கூப்பிடவும் பயம், கூப்பிடாம இருக்கவும் பயம். பாதையே இல்ல, முள்ளுச் செடி இடுப்பு வரைக்கும் வளந்து கிடக்கு. நான் பின்னாடி வர்றதைப் பார்த்தாரு, நின்னு கையை நீட்டினாரு, பிடிச்சுக்கிட்டு நடந்தோம். மரத்துக்கிட்ட போனப்ப எதிர் மேட்டுல ஏதோ எழுந்துச்சு. நான் முதல்ல பக்கத்துப் பண்ணை மாடு தப்பிச்சு வந்திருக்குன்னு நினைச்சேன், அவ்வளவு உடம்பு. தலையில மார்ச்சுல பார்த்ததை விடப் பெரிய புதுக் கொம்பு. எங்களை ஒரு பார்வை பார்த்துச்சு, வெள்ளை வாலைத் தூக்கிக்கிட்டு மேட்டைத் தாண்டிப் போயிடுச்சு. காஞ்ச இலை மேல ஒரு சத்தம் இல்ல. நிலம் விக்கறதும் உன் கீழ் ரூமும் அது பின்னாடியே போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. உங்கப்பா அந்தப் பக்கம் திரும்பிக் கூடப் பாக்கல. டப்பாவைத் திறந்து கொஞ்சம் பஞ்சை எடுத்துக் கைத்தடி நுனியில வச்சு, எட்டின வரைக்கும் உயரமாத் தூக்கினாரு. அது கொஞ்ச நேரம் அங்கயே நின்னுச்சு. அப்புறம் மெதுவா இறங்கி ஓடைக்கு மேல போயி, ஓடையோடவே வளைஞ்சு போயிடுச்சு. மான் படுத்திருந்த பக்கம் போகல. திரும்பவும் விட்டாரு, திரும்பவும் அதே பக்கம். டப்பா காலியாகுற வரைக்கும் விட்டாரு. ஒண்ணு கூட மாறிப் போகல. கடைசியில நெத்தியை மரத்துல வச்சுக்கிட்டு, பையன் சரியாத்தான் பார்த்திருக்கான் ஆர்டிஸ், சரியாத்தான் பார்த்திருக்கான்னு என்கிட்ட சொல்லி அழுதாரு. நானும் அழுதேன். கைத்தடி கீழ விழுந்து கிடந்துச்சு, எடுக்க ரெண்டு பேராலயும் முடியல.

மறுநாள் மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஹால்வர்சன் மருமகன் அந்தக் கொம்பனை அம்பால அடிச்சுட்டான். பெட்ரோல் பங்குல வண்டி மேல போட்டு ஊரே படம் பிடிச்சுதாம், அவன் வருஷக்கணக்காத் தேடி அலைஞ்சு கண்டுபிடிச்சதாச் சொல்லிக்கிட்டானாம். நம்ம துக்கத்துல வளந்ததுன்னு அவனுக்கு எங்க தெரியப் போகுது. பாவம் அந்த ஜீவன், அதுக்கும் நாங்கதான் காரணம். அன்னைக்குச் சாயங்காலம் ராய்ஸ் போன் பண்ணினான். சிகாகோக்காரர் வேற நிலம் பாக்கப் போறாராம். ஏம்மா இப்படிப் பண்ணீங்க, இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதான்னு கேட்டான், சத்தம் போடல. அவரு காத்து பாக்கப் போனாருப்பான்னு சொன்னேன். காத்து எந்தப் பக்கம் போச்சுன்னான். சொன்னேன். எனக்குத் தெரியும்மான்னு சொல்லிட்டு வச்சுட்டான்.

ஆக இந்தக் குளிர்காலமும் இங்கதான். விறகு போன வருஷத்துல பாதிதான் இருக்கு, மாடிப்படி அவரால ஏற முடியல, கட்டிலைக் கீழ இறக்கிப் போட்டுட்டோம். வேற யாராவது நிலம் கேட்டு வருவாங்களான்னா, கொம்பன் இல்லாத நிலத்தை யாரு கேப்பா. என் மனசு கலங்கித்தான் இருக்கு, மறைச்சு என்ன பண்ணப் போறேன். ஆனா உங்கப்பா மேல எனக்குக் கோவம் வரல, வரும்னு நானும் காத்திருந்து பார்த்துட்டேன். சங்கிலியைக் கழட்டிட்டாரு. தினம் காலையில ஒரு பால் கேனைக் கவுத்துப் போட்டு அந்த மரத்தடியில உக்காந்துட்டு வர்றாரு. நேத்து சூப் குடிக்கும்போது, வெண்டலுக்கு மிளகு அதிகம் போடணும், இல்லையான்னு தானாவே கேட்டாரு. நான் கரண்டியைக் கீழ வச்சுட்டேன்.

அதனால உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் கண்ணு. ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது ஏன் போனீங்க, எதுக்குக் கெடுத்தீங்கன்னு அவரைக் கேட்டுடாத. என் மேல வேணும்னா கத்து, நான் தாங்குவேன். வெண்டல் பேச்சை அவரு எடுத்தா நீ பேச்சை மாத்தாம கேட்டுக்கோ. ஈவருக்குக் காதை மூடித் தொப்பி போடு, நீ படத்துல அனுப்பினதுல காது ரெண்டும் வெளியதான் இருக்கு. உருளைக்கிழங்கு லெஃப்சா ரொட்டி சுட்டு அனுப்பறேன், வந்ததும் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுடுங்க, போன தடவை மாதிரி பூஞ்சை பிடிக்க விடாத. மாப்பிள்ளை பனியில வண்டி ஓட்டும்போது பாத்துப் போகச் சொல்லு. கடவுள் உங்க மூணு பேரையும் எந்தக் குறையும் இல்லாம வச்சிருக்கட்டும், எங்களுக்குன்னு ஏதாவது நல்லது மிச்சம் இருந்தா அதுவும் உங்களுக்கே வரட்டும்.

உங்கப்பா எப்பவும் அடியில பேரை மட்டும்தான் எழுதுவாரு, இன்னைக்கு என்னமோ பேனாவைக் குடுன்னு கேக்கறாரு. என்ன எழுதினாலும் எழுதட்டும், நான் படிக்காம ஒட்டி அனுப்பறேன்.

உன் அம்மா,
ஆர்டிஸ்

மாரிட், காத்து ஓடைப் பக்கம்தான் போகுது. இன்னைக்கும் பார்த்தேன். உன் தம்பி சொன்னதுதான் சரி.
அப்பா