ஒத்துக்கொள்கிற பெட்டியிலெல்லாம் கிளிஞ்சல்

திருவிடந்தை குப்பம்,
ஞாயிறு.

என் ஆசை மாமாவுக்கு எழில் எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். பஹ்ரைன் வெயிலில் போட்டில் கிடக்கிற உங்கள் உடம்பை நினைத்தால்தான் கவலை. போனில் பானுமதி அக்கா பெயரை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்புகிற தேவசகாயம் அண்ணன் கையில் நெத்திலிக் கருவாட்டோடு இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடுதாசியைக் கட் பண்ண முடியாது பாருங்கள்!

ஊர்த் தலைவர் தேர்தலில் உங்கள் அக்காவும் என் அண்ணன் காசிநாதனும் நின்று, கரையை ரிசார்ட்டுக்கு விடலாம் என்ற சம்பத் ஜெயித்தது உங்களுக்குத் தெரியும். “மச்சான் நிக்கும்போது நீ இன்னாத்துக்கு நின்ன? உன்னாலதான் கரை போச்சு” என்று நீங்கள் அக்காவிடம் கத்தியது ஊருக்கே தெரியும். ஆனால் மாமா, கரையை விடக்கூடாது என்றவர்கள்தான் இங்கே அதிகம். ஓட்டுக்கு வீட்டுக்கு ஒரு கிளிஞ்சல், அதையும் ஒரே பெட்டியில்தான் போடவேண்டும் என்பது நம் வழக்கம். நம் கிளிஞ்சல் அக்காவுக்கும் அண்ணனுக்கும் இரண்டாகப் பிரிந்தது, சம்பத் நடுவில் புகுந்துவிட்டான். எம்.எல்.ஏ. தேர்தலிலும் இதே கூத்துதானே! பாதிப் பேருக்கு மேல் வேண்டாம் என்ற ஆள் மாலையோடு வருகிறார்.

சம்பத் ரிசார்ட்டுக்குக் கையெழுத்துப் போடுமுன் கூட்டிய ஊர்க்கூட்டத்தில் அக்கா எழுந்தார். “மீன் வாங்க வர்றவ வஞ்சிரம் இல்லன்னா சங்கரா, அதுவும் இல்லன்னா காரப்பொடின்னு ஆவுறதெல்லாம் சொல்றா. ஓட்டுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஒண்ணு? யார் யார் வந்தா ஒத்துக்குவீங்களோ அவங்க பெட்டியிலெல்லாம் போடுங்க” என்றார். தோற்றவர்களுக்கு ரூல் ஒரு கேடா என்று சம்பத் சிரித்தான். “இந்த ரூல்லயும் நான் தோப்பேன். தெரிஞ்சிகினுதான் சொல்றேன்” என்றார் அக்கா. அதைக் கேட்டதும் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் கை தூக்க, புது ரூலில் மறுபடி ஓட்டு என்று முடிவானது.

நிஜம்தான். அக்காவின் ஆட்கள் என் அண்ணனுக்கும் போடுவார்கள். அண்ணன் ஆட்களில் பொம்பளை தலைவரா என்று முறைக்கிறவர்கள் அக்காவுக்குப் போடமாட்டார்கள். மறுபடி ஓட்டு நடந்தது. என் அண்ணன் பெட்டியில் முதல் கிளிஞ்சலைப் போட்டது அக்காதான். அப்பப்பா, என்ன மனசு மாமா அது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் ஜெயித்தார். நீங்கள் திரும்பி வந்தால் போட்டை ஏற்றக் கரை இருக்கிறது.

மீன் விற்று வரும் வழியில் அக்கா தினமும் நம் வீட்டில் நின்று, தம்பி போன் பண்ணினானா, சாப்பிட்டானா என்று கேட்கிறார். தன்னோடு பேசச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை.

கன்னியம்மா உங்களைக் காப்பாள். இதைப் படித்ததும் முதல் போன் எனக்கு வேண்டாம்.

உங்கள்,
எழில்