பாதத்தைச் சேர்த்துவைத்தேன்

ஐப்பசி, வியாழக்கிழமை ராத்திரி.

பேரன் முத்தையா விடியக்காலையில் முற்றத்தில் பஸ்கி எடுத்தான். திங்கட்கிழமை திருமங்கலத்தில் பட்டாளத்துக்கு ஆளெடுக்கிறார்கள். அங்கேயும் பஸ்கி எடுக்கச் சொல்வார்களாம். பாதி உட்காரும்போதே இடுப்பில் பிடித்துக்கொள்ள, "யாத்தே!" என்று நிமிர்ந்துவிட்டான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

இவனைக் கிளப்பிவிட்டவன் மருமகளின் தம்பி. என் மகனைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டவனும் அவன்தான். மகன் திரும்பி வரவில்லை. சேர்த்துவிட்டவன் இன்றைக்கும் என் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போகிறான்.

முத்தையா பாதங்களை ஒட்டிவைத்துக்கொண்டு உட்காருகிறான். அதனால்தான் பிடிக்கிறது. காலை அகட்டி, விரல்களை வெளியே திருப்பி உட்கார்ந்தால் பிடிக்காது. இம்புட்டு வருஷமும் நான் அப்படிக் குத்தவைத்துத்தான் பால் கறக்கிறேன். அவனிடம் சொல்லவில்லை. "இந்த இடுப்போட போயி அசிங்கப்படாதடா" என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் பால் கறக்கும்போது எதிரே வந்து நின்றான். "அப்பத்தா, ஒனக்கு மட்டும் எப்படி வலிக்காம இருக்கு?"

சட்டென்று பாதங்களைச் சேர்த்துவைத்தேன். செம்பு சாய்ந்து பால் கொட்டிவிட்டது.

"வலிக்கத்தான்டா செய்யுது. கெழவி வெளிய சொல்றதில்ல."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

விளக்கு வைத்துவிட்டு வெளியே வந்தேன். முற்றத்தில் காலை அகட்டிக்கொண்டு முழுசாக உட்கார்ந்து எழுந்தான். "வலி போயிருச்சு அப்பத்தா" என்று சிரித்தான். அவன் அப்பனும் பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்றைக்கு இப்படித்தான் சிரித்தான். நான் உள்ளே வந்துவிட்டேன்.