அபோண்டிக்கு ஒரு காடை

ஜூன் 14

விடிவதற்குள் கழியை நட்டுக் கூடைகளைத் தொங்கவிட்டு, சுற்றிலும் கண்ணி வைத்தேன். உள்ளே இருந்த சேவல் காடைகள் கூவத் தொடங்கியதும் சோளக்காட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. கண்ணி வரை வந்த ஒன்று என் நிழல் அசைந்ததும் புல்லுக்குள் ஓடிவிட்டது. சரியான உஷார்.

தோஹாவிலிருந்து என் மனைவி அபோண்டி பேசினாள். “போனை அதுங்ககிட்ட வையேன், கொஞ்சம் கேக்கறேன்.” வைத்தேன். திரும்ப எடுத்தபோது அவள் மூக்கை உறிஞ்சுவதுதான் கேட்டது. ஜூலை தொடக்கத்தில் லீவாம். “மொத நாளே உகாலிக் களியும் காடைக் குழம்பும். இல்லன்னா வீட்டுக்குள்ள வர மாட்டேன், பாத்துக்க!”

மூன்று வருஷமாயிற்று அவள் அங்கே வீட்டுவேலைக்குப் போய்.

ஜூன் 17

நான்கு சிக்கின. கறுத்த கழுத்துள்ள சேவல்களை வைத்துக்கொண்டு பெட்டைகளை விட்டுவிட்டேன். பக்கத்து நிலத்து ஒகோலா சிரித்தான்: “ஒபியேரோ, பொண்டாட்டி பக்கத்துல இல்லாதவனுக்குப் பெட்டை மேல என்னடா இரக்கம்?”

ஜூன் 25

ஒகோலா தன் நிலத்தில் வலை கட்டிக் கூட்டத்தையே அள்ளிவிட்டான். முட்டை சுமந்த பெட்டைகளும் அதில்.

“அடுத்த வருஷம் எது வரும்டா?”

“நான் விட்டா இன்னொருத்தன் புடிப்பான். போவியா!”

வலையோடு என் சோளத்துக்குள் கால் வைக்காதே என்றேன். காறித் துப்பிவிட்டுப் போனான்.

ஜூலை 2

லீவு இல்லையாம். மாதக் கடைசியில் பார்க்கலாம் என்றாளாம் வீட்டுக்கார அம்மா.

அவளுக்காகப் பிடித்து வைத்திருந்த சேவல்கள் தீனி எடுக்காமல் வாடின. திறந்துவிட்டேன்.

ஜூலை 19

கூடு கட்டும் காலம். கண்ணிகளைப் பிடுங்கி வாரமாகிவிட்டது. ஆனாலும் இன்று ஒன்றே ஒன்றை மட்டும் வைத்தேன். அவளுக்காக. ஒன்றுதானே?

பெட்டை விழுந்தது. வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோல், அடைகாத்த சூடு. எங்கோ முட்டைகள் ஆறிக்கொண்டிருக்கும். அபோண்டி, நான் என்ன செய்யட்டும்?

விட்டுவிட்டேன்.

ஜூலை 23

ஒகோலா வேலியோரம் நின்றான். “எங்க பக்கம் ஒரு சத்தமும் இல்ல. உன் சோளத்துல மட்டும் கூவுதுடா. ஒரு கூடை தொங்கவிடட்டுமா?”

“இப்ப வேணாம். குஞ்சு பெருசாகட்டும். அடுத்த வருஷம் கண்ணியோட வா, வலைய வீட்ல வெச்சுட்டு.”

தலையைச் சொறிந்தான். அப்படியே திரும்பி நடந்தான்.

ஜூலை 30

வந்துவிட்டாள்! மெலிந்திருக்கிறாள். குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தாள். ஏரிக் கருவாடு.

“காடை எங்க?”

எல்லாம் சொன்னேன், அந்தப் பெட்டை வரை. மூடியைத் திரும்பச் சட்டிமேல் வைத்தாள். கோபமோ என்று பயந்தேன்.

“அடைகாக்கறத விட்டுட்டு வந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்” என்றாள். தான் கைக்குழந்தையாக விட்டுப்போன எங்கள் மகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நேற்று வரை போனில் மட்டும் பார்த்த அம்மாவை அது இன்னும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறது.

உகாலியைக் கிள்ளிக் கருவாட்டில் தொட்டுத் தின்றாள். எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 28

இன்று அவள் தோஹாவுக்குத் திரும்ப வேண்டிய விமானம். அவள் பெட்டியே கட்டவில்லை. விடிந்ததும் கேனைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். பிள்ளை அவள் பாவாடையைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடியது. நான் இரண்டாவது கேனை எடுத்துக்கொண்டேன்.